அத்தியாயம் 9: எஞ்சின் எண்ணெய்க்குக் காந்தம் வைக்கலாமா?

புலாவ் செபாங், தம்பின், அலோர் காஜா வட்டாரத்தில் ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 1990-களின் கடைசியில் வந்த புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. அதன் 1.8 லிட்டர் மிட்சுபிஷி எஞ்சினுக்கு இப்போது கால் நூற்றாண்டு வயது. அதன் பிறகு 2006-இல் சத்ரியா நியோ வந்தது, 2007-இல் ஹோண்டா சிவிக் டைப் ஆர் வந்தது. பக்கத்திலேயே பெகோவில் 2003 முதல் ஹோண்டா தொழிற்சாலை இயங்கினாலும், அந்த டைப் ஆர் ஜப்பானிலிருந்து முழுக் காராகவே கப்பலில் வந்து இறங்கியது. இவற்றோடு, சாதாரணக் காரில் ஹாஃப் கட் எஞ்சினை, அதாவது ஜப்பானில் ஓடிய பழைய காரிலிருந்து வெட்டி எடுத்து வந்த எஞ்சினை, ஏற்றி ஓட்டுகிறவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லாமே வேகமாகச் சுழலும் எஞ்சின்கள். பெரும்பாலானவை வயதானவை. பலவற்றின் பழைய சர்வீஸ் வரலாறு யாருக்கும் முழுதாகத் தெரியாது. இப்படிப்பட்ட எஞ்சினை ஆசையோடு வைத்திருப்பவரிடம்தான் காந்த டிரெய்ன் பிளக்கும் (தொட்டியிலிருந்து எண்ணெய் வடிக்கும் திருகு) ஃபில்டர் மேல் ஒட்டும் காந்தப் பட்டையும் விலைக்கு வருகின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காந்தம் வைக்கலாம். அது எண்ணெயைக் கொஞ்சம் சுத்தம் செய்யும். ஆனால் அதற்குக் கொடுக்கும் காசு ஈடாவது வேறொரு வேலையில்: எஞ்சினுக்குள் எவ்வளவு இரும்பு தேய்கிறது என்பதை ஒவ்வொரு சர்வீஸிலும் அது கண் முன் காட்டிவிடுகிறது. இதை மனத்தில் வைத்து வாங்குகிறவர் சரியான இடத்தில் சரியான தரத்தைப் போடுவார். சுத்தத்துக்காக மட்டுமே வாங்குகிறவர், காந்தம்தான் இருக்கிறதே என்று ஃபில்டரிலும் எண்ணெயிலும் மிச்சம் பிடிக்கத் தொடங்கிவிடுவார். அந்த மிச்சம் எஞ்சினுக்குக் கெடுதல்.

எண்ணெயில் என்னதான் மிதக்கிறது? மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். வெறும் கண்ணுக்குத் தனித்துத் தெரியும் துகள் ஏறத்தாழ 40 மைக்ரான் இருக்க வேண்டும். ஓடும் எஞ்சினில் கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே, சுமை அழுத்தும் இடத்தில் நிற்கும் எண்ணெய்ப் படலம் பல சமயம் சில மைக்ரான்தான். கேம் முகடு உரசும் இடத்தில் அது ஒரு மைக்ரானுக்கும் கீழே போய்விடும். படலத்தை விடப் பெரிதாகவும், இடைவெளிக்குள் நுழைகிற அளவுக்குச் சிறிதாகவும் இருக்கும் துகள்தான் உலோகத்தைக் கீறும். கண்ணுக்குத் தெரியும் சில்லு ஃபில்டரிலேயே நின்றுவிடும். விரலில் தேய்த்தாலும் உணர முடியாத 5 முதல் 20 மைக்ரான் பொடிதான் நாள்பட்ட தேய்மானத்துக்குக் காரணம். இந்தப் பொடியில் பல சரக்கு கலந்திருக்கிறது. சத்ரியா ஜிடிஐயின் சிலிண்டர் பிளாக் வார்ப்பிரும்பு. ஹோண்டாவின் பி, கே எஞ்சின் வரிசைகளில் பிளாக் அலுமினியமானாலும் பிஸ்டன் ரிங் உரசும் உள்ளுறை வார்ப்பிரும்புதான். கேம், கிராங்க், எண்ணெய் பம்பின் பற்கள், கே வரிசையின் டைமிங் சங்கிலி எல்லாம் இரும்பு வகை. பழைய பி வரிசை விடெக் எஞ்சின்களில் ராக்கர் கேமின் மேல் நேரடியாகச் சறுக்குவதால், உருளை வைத்த கே வரிசையை விட அந்த இடத்தில் உரசல் கூடுதல். பிஸ்டனிலிருந்து வருவது அலுமினியம். பேரிங் தேய்ந்தால் செம்பு, ஈயம், வெள்ளீயம், சிலவற்றில் அலுமினியம். எரிப்பிலிருந்து கரி வருகிறது, வெளிக்காற்றிலிருந்து மண் தூசு வருகிறது. இத்தனைக்குள் காந்தம் தொடுவது இரும்பு ஒன்றைத்தான்.

இனி ஃபில்டரைப் பார்ப்போம். கையால் திருகி மாட்டும் சாதாரணக் காகித ஃபில்டர் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் எல்லாவற்றையும் நிறுத்தி, அதற்குக் கீழே எல்லாவற்றையும் விட்டுவிடும் சல்லடை அல்ல. பெரிய துகளில் கிட்டத்தட்ட முழுவதையும், நடுத்தரத் துகளில் ஒரு பங்கையும், சிறியதில் கொஞ்சத்தையும் ஒவ்வொரு சுற்றிலும் பிடிக்கிறது. அதனால் பெட்டியின் மேல் வெறும் மைக்ரான் எண் மட்டும் இருந்தால் அதற்குப் பொருள் குறைவு. ஐஎஸ்ஓ 4548-12 முறைப்படி, எத்தனை மைக்ரான் துகளில் எத்தனை விழுக்காட்டைப் பிடிக்கிறது என்று எழுதியிருக்க வேண்டும். நுண்ணிய ஃபில்டர் எவ்வளவு உதவும் என்பதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர்கள் 1988-இல் வெளியிட்ட ஆய்வு. 40 மைக்ரான் ஃபில்டரோடு ஒப்பிட்டால், 30 மைக்ரான் ஃபில்டர் எஞ்சின் தேய்மானத்தை 50 விழுக்காடும், 15 மைக்ரான் ஃபில்டர் 70 விழுக்காடும் குறைத்ததாக அது காட்டியது. காந்தம் விற்பவர்கள் இந்த எண்களைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வதுண்டு. காகிதம் விட்டுவிடும் நுண்துகளைக் காந்தம் பிடிக்கிறது, ஆகவே அந்த 70 விழுக்காடு நமக்குத்தான் என்பது அவர்கள் வாதம். இது தவறு. அந்தச் சோதனையில் தேய்மானத்தை விரைவுபடுத்த எண்ணெயில் கலக்கப்பட்டது மண் தூசு, அதாவது பெரும்பகுதி சிலிக்கா. அந்த ஆய்வு நல்ல காகிதத்துக்குச் சான்று. சிலிக்காவைத் தொடவே தொடாத காந்தத்துக்கு அதைச் சான்றாக நிறுத்த முடியாது.

அப்படியானால் இரும்பு நுண்துகள் மட்டுமாவது முழுதும் காந்தத்தில் சிக்குமா? இங்கே பௌதிகம் கறாராக நிற்கிறது. செம்பனை ஆலைகளில் பருப்பை அரைக்கும் முன் ஆணியும் போல்ட்டும் இயந்திரத்துக்குள் போகாமல் காந்தம் இழுத்துக்கொள்வதைப் பார்த்தவர்கள், எண்ணெயிலும் அதே வேகத்தில் இரும்பு பாய்ந்து வந்து ஒட்டும் என்று எண்ணிவிடலாம். போல்ட்டுக்கும் மைக்ரான் துகளுக்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. துகளைக் காந்தம் இழுக்கும் விசை துகளின் கன அளவைப் பொறுத்தது. எண்ணெயின் பிசுபிசுப்பு அதைத் தடுக்கும் விசையோ விட்டத்தைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒன்றாகச் சுருங்கினால் இழுவிசை ஆயிரத்தில் ஒன்றாகிறது, தடைவிசை பத்தில் ஒன்றுதான் ஆகிறது. ஆக, 10 மைக்ரான் துகளை விட 1 மைக்ரான் துகள் காந்தத்தை நோக்கி நூறு மடங்கு மெதுவாக நகரும். தூரமும் இரக்கம் காட்டாது. விரல்நுனி அளவுள்ள காந்தத்தின் உண்மையான பிடி அதன் முகத்திலிருந்து சில மில்லிமீட்டர்தான். ஒரு சென்டிமீட்டர் தாண்டினால் நுண்துகளுக்கு அங்கே காந்தம் இருப்பதே தெரியாது எனலாம். ஆகவே காந்தத்தின் பலத்தை விட, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது, அந்த இடத்தில் எண்ணெய் எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பவைதான் முதல் கேள்விகள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேகமாக ஓட்டும்போது பம்ப் நிமிடத்துக்கு 30 லிட்டர் எண்ணெயைத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொட்டியில் இருப்பது நான்கு லிட்டர் அளவுதான். எனவே மொத்த எண்ணெயும் ஒரு நிமிடத்தில் ஏழெட்டு முறை சுற்றிவிடும். ஃபில்டர் டின்னின் சுவருக்கும் உள்ளே இருக்கும் காகிதத்துக்கும் நடுவேயுள்ள குறுகிய வளையத்தில், நுழையும் இடத்தில், எண்ணெய் நொடிக்கு அரை மீட்டர் அளவில் பாயும். அடித்தொட்டியிலோ இடம் அகலம். அங்கே வேகம் நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான். கார் நின்றுவிட்டால் அதுவும் இல்லை. நின்ற எண்ணெயில் இரும்பு தன் எடையாலேயே கீழே இறங்கத் தொடங்கும். நம் ஊர் இரவுச் சூட்டில், சாதாரணப் பிசுபிசுப்புள்ள எஞ்சின் எண்ணெயில், 10 மைக்ரான் இரும்புத் துகள் எட்டு மணி நேரத்தில் சுமார் பத்து சென்டிமீட்டர் இறங்கும். மாலையில் நிறுத்திய கார் காலையில் எழுப்பப்படும் முன் அது தொட்டியின் அடியைத் தொட்டுவிடும். 1 மைக்ரான் துகள் அதே நேரத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கியிருக்கும். அடியில் படிந்ததைக் காலையில் பம்ப் மறுபடி கலக்கி உறிஞ்சாமல் பிடித்து வைத்துக்கொள்வதுதான் டிரெய்ன் பிளக்கில் உள்ள காந்தம் செய்யும் நல்ல வேலை. எனவே ஒரே ஒரு காந்தம் வாங்கப் பணம் இருந்தால் அது டிரெய்ன் பிளக்காகவே இருக்கட்டும். சில எஞ்சின்களில் அந்தப் பிளக் தொட்டியின் அடியில் இல்லாமல் பக்கச் சுவரில் இருக்கும். அங்கே பலன் சற்றுக் குறையும், பயனற்றுப் போகாது.

ஃபில்டரின் வெளிப்புறத்தில் ஒட்டும் காந்தத்துக்கு ஒரு நியாயம் உண்டு. திருகி மாட்டும் ஃபில்டரில் அழுக்கு எண்ணெய் முதலில் டின் சுவரை ஒட்டி வந்து, பிறகுதான் காகிதத்துக்குள் நுழைகிறது. சுவரில் காந்தம் இருந்தால் துகள் அதற்கு மிக அருகில் போகும். எதையும் கழற்ற வேண்டாம், திருகுமரை கெடும் பயமில்லை, ஃபில்டர் மாற்றும்போது காந்தத்தை எடுத்துப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த டின்னே எஃகு. காந்தக் கோடுகள் எஃகுச் சுவருக்குள்ளேயே சுற்றித் திரும்பப் பார்க்கும். பலவீனமான ஃபெரைட் பட்டை ஒட்டினால் உள்ளே போய்ச் சேருவது சொற்பம். சுவர் தாங்கும் அளவுக்கு மேல் பலமுள்ள நியோடிமியம் காந்தம்தான் உள்ளே கசிந்து வேலை செய்யும். அதுவும், எண்ணெய் வேகமாக நுழையும் திருகுமரைப் பக்கத்தில் வைப்பதை விட, ஓட்டம் அடங்கும் மூடிய முனைக்கு அருகில் வைப்பது மேல். பழைய ஃபில்டரைக் கழற்றி வெளியே எடுத்த பிறகுதான் காந்தத்தைப் பிரிக்க வேண்டும். முன்பே பிரித்தால், பிடிபட்டது எல்லாம் எண்ணெயோடு திரும்ப ஓடிவிடும். இதன் பெரிய குறை, பிடித்ததை நமக்குக் காட்டாது என்பதுதான். பார்க்க வேண்டுமானால் டின்னை வெட்ட வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: கிராங்க் நிலையை அறியும் சென்சார் பல எஞ்சின்களில் காந்தப்புலத்தை வைத்து வேலை செய்கிறது. ஃபில்டருக்கு அருகில் அது இருந்தால் பலமான காந்தத்தை அந்தப் பக்கம் ஒட்டாதீர்கள். பெல்ட்டுக்கு மேலே வெறும் காந்த ஒட்டுதலை மட்டும் நம்பி எதையும் தொங்கவிட வேண்டாம், உலோகப் பட்டையால் இறுக்குங்கள்.

பலரும் கவனிக்காமல் ஏமாறும் இடம் சூடு. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில், 1980-களின் முதல் பாதியில், கண்டுபிடிக்கப்பட்ட நியோடிமியம் காந்தம் அளவுக்கு மீறிய பலம் கொண்டது. ஆனால் அதன் சாதாரணத் தரங்கள் சுமார் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் பலத்தை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும். அந்தச் சூடு எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. சிம்பாங் அம்பாட் டோலில் ஏறி நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போனாலே எண்ணெய் 90, 100 டிகிரியைத் தொடும். செப்பாங் பந்தயத்தளத்தில் விரட்டினால் 120, 130 சாதாரணம். இணையக் கடைகளில் கிடைக்கும் ‘என் 52’ என்ற தரம் பலத்தில் முதல் வரிசை, சூட்டில் கடைசி வரிசை. இலக்கத்துக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பாருங்கள். ‘எச்’ என்றால் சுமார் 120 டிகிரி வரை, ‘எஸ்எச்’ 150 வரை, ‘யுஎச்’ 180 வரை தாங்கும். ஸ்போர்ட்ஸ் காருக்கு ‘எஸ்எச்’ தரத்துக்குக் கீழே இறங்க வேண்டாம். சமேரியம் கோபால்ட் காந்தம் 250 டிகிரியிலும் அசையாது. விலை கூடுதல், ஆனால் பந்தயத்தளத்துக்கு அடிக்கடி போகிறவருக்கு அதுவே தகும். தரம் எழுதாத பிளக்கை வாங்கிவிட்டீர்களானால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. புதிதாக இருக்கும்போது அது எத்தனை நட்டுகளைச் சரமாகத் தூக்குகிறது என்று குறித்து வையுங்கள். அடுத்த சர்வீஸில் துடைத்துவிட்டு, ஆறிய பிறகு அதே நட்டுகளால் பாருங்கள். எண்ணிக்கை நன்றாகக் குறைந்திருந்தால் சூடு அதைத் தின்றுவிட்டது. பலம் இழந்த காந்தம் தான் பிடித்து வைத்த பொடியையும் ஓடும் எண்ணெயில் உதிர்த்துவிடும் என்பதால், அதை விட்டுவைப்பதை விட எடுத்துவிடுவது நல்லது.

இந்த அத்தியாயத்தின் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய மிக வலுவான வார்த்தை, இந்த நிலத்திலிருந்தே வருகிறது. தோட்டப் பாதைகளின் செம்மண் தூசு காரின் காற்று வழியாக உள்ளே போகிறது. அதன் சிவப்புக்குக் காரணம் இரும்பு ஆக்சைடு. அதையும் காந்தம் பிடிக்கும் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. செம்மண்ணில் உள்ள ஹேமடைட், கோதைட் ஆகியவை காந்தத்துக்கு மிகப் பலவீனமாகவே இணங்குபவை. எண்ணெயின் தடையை மீறி அவற்றை இழுக்க டிரெய்ன் பிளக்கால் ஆகாது. தூசில் உண்மையில் கீறும் பகுதி குவார்ட்ஸ் மணல். அது எஃகை விடக் கடினம், காந்தத்துக்குத் துளியும் இணங்காது. சிலிண்டர் சுவரைத் தேய்த்து இரும்புப் பொடியை உண்டாக்குவதே பெரும்பாலும் இந்த மணல்தான். ஆக, காந்தம் பிடிப்பது விளைவை, காரணத்தை அல்ல. எண்ணெய் தடவிய பருத்தித் துணி ஃபில்டரையும், மூடியே இல்லாத கூம்பு வடிவக் காற்று ஃபில்டரையும் போட்டுக்கொண்டு செம்பனைத் தோட்டப் பாதையில் ஓட்டுகிறவர், இன்டேக் சத்தத்துக்காகத் தன் சிலிண்டர் சுவரை விலையாகக் கொடுக்கிறார். அவர் எத்தனை காந்தம் வைத்தாலும் கணக்கு ஈடாகாது. கையில் இருக்கும் வெள்ளிக்கு வரிசை போடச் சொன்னால், முதலில் மூடிய பெட்டியில் நல்ல காகிதக் காற்று ஃபில்டர். அடுத்தது, எவ்வளவு பிடிக்கும் என்பதை எழுத்தில் சொல்லும் எண்ணெய் ஃபில்டர். பிறகு, கையேடு சொல்லும் பிசுபிசுப்பில் நல்ல எண்ணெயைக் காலம் தவறாமல் மாற்றுவது. அதற்குப் பிறகுதான் காந்தம். பழைய எஞ்சின் என்று கையேட்டை மீறித் தடித்த எண்ணெய் ஊற்றுவதும் இங்கே கேடு. தடித்த எண்ணெயைத் தள்ளும்போது அழுத்தம் ஏறி ஃபில்டரின் பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். பிறகு வடிகட்டாத எண்ணெயே பேரிங்குக்குப் போகும்.

இவ்வளவு சொன்ன பிறகு, காந்தமே வேண்டாம் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். தேவையானால் தொழிற்சாலையே வைத்திருக்காதா என்பது வழக்கமான மறுப்பு. கியர்பாக்ஸில் அவர்கள் வைக்கத்தான் செய்கிறார்கள். பல ஆட்டோ கியர்பாக்ஸ்களின் அடித்தட்டில் வட்டக் காந்தங்கள் இருக்கும், பல வடிகால் திருகுகளின் முனையிலும் காந்தம் இருக்கும். அங்கே பற்கள் உரசி இரும்புப் பொடி நிறைய வருகிறது, பல கியர்பாக்ஸ்களில் நுண்ணிய காகித ஃபில்டரும் கிடையாது. எஞ்சினில் நல்ல ஃபில்டரும் அடிக்கடி எண்ணெய் மாற்றமும் இருப்பதால், சாதாரணமாக ஓட்டுகிறவருக்குக் காந்தம் கட்டாயமில்லை என்று அவர்கள் முடிவெடுத்தால் அதில் குறை காண முடியாது. 8,000 சுழற்சிக்கு மேல் விரட்டப்படும் எஞ்சினின் சொந்தக்காரருக்குக் கேள்வி வேறு. விமான எஞ்சின்களையும் ஹெலிகாப்டர் கியர்பாக்ஸ்களையும் பாருங்கள். அவற்றின் எண்ணெய்ப் பாதையில் காந்தப் பிளக் வைப்பது எண்ணெயைச் சுத்தம் செய்ய அல்ல. இரும்புச் சில்லு வந்து ஒட்டி மின் இணைப்பை முடித்தால் விமானியின் முன் விளக்கு எரியும். பேரிங்கோ பல்லோ உடையும் முன் தரையிறங்க அது நேரம் தருகிறது. இரும்புத் துகளைக் காந்தத்தால் பிரித்து, அதன் வடிவத்தை நுண்ணோக்கியில் படித்து இயந்திர நிலையைச் சொல்லும் ஃபெரோகிராஃபி என்ற முறையும் 1970-களின் தொடக்கத்தில் உருவானது. தொழில் தெரிந்தவர்கள் காந்தத்தை இப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். அதே பயன், விளக்கும் நுண்ணோக்கியும் இல்லாமல், சில பத்து வெள்ளியில் நம் காருக்கும் கிடைக்கிறது. எண்ணெய் மாதிரியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புகிறவருக்கும் இது வீணல்ல. வழக்கமான ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனை 5 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளைச் சரியாகக் காண்பதில்லை, காந்தம் நன்றாகப் பிடிப்பதோ அந்தப் பெரிய துகளைத்தான்.

பொருத்தும்போது மூன்று காரியம் பார்க்க வேண்டும். காந்தம் பிளக்குக்குள் இறுக்கிப் பொதியப்பட்டதாகவோ ஊசியால் பூட்டப்பட்டதாகவோ இருக்க வேண்டும். வெறும் பசையால் ஒட்டியது சூட்டில் கழன்று தொட்டிக்குள் விழும். திருகுமரை உங்கள் எஞ்சினுக்குப் பொருந்த வேண்டும். ஹோண்டாவில் பெரும்பாலும் 14 மில்லிமீட்டர் விட்டம், 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளி. கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்று நீண்ட ஸ்பானரால் வற்புறுத்தினால் அலுமினியத் தொட்டியின் மரை உருவிக்கொண்டு வந்துவிடும், அதோடு காந்தத்தின் விலையைப் போலப் பல மடங்கு செலவு. அந்த ஹோண்டா பிளக்குக்கு இறுக்கம் சுமார் 40 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ரெஞ்ச் இல்லாத வொர்க்ஷாப்பில் இதற்காகவாவது கேட்டு வாங்கச் சொல்லுங்கள். நசுங்கும் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் காந்த முனை எண்ணெய் உறிஞ்சும் குழாயையோ தடுப்புத் தகட்டையோ தொடக்கூடாது என்பதால், நீளத்தைப் பழைய பிளக்கோடு வைத்து ஒப்பிட்டுவிட்டே மாட்டுங்கள். பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டினால் எரிபொருள் மிச்சமாகும் என்று கூடவே எவராவது விற்றால் வாங்க வேண்டாம். பெட்ரோலில் காந்தம் பிடிக்க எதுவும் இல்லை.

கடைசியாக, அதைப் படிக்கத் தெரிய வேண்டும். எண்ணெய் வடித்ததும் பிளக்கை வெள்ளைத் துணியில் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பக்கத்தில் இருபது சென் காசை வைத்து ஒரு படம் எடுத்து, ஓடிய கிலோமீட்டரை எழுதி வையுங்கள். ஒரு படத்துக்குத் தனியாக மதிப்பில்லை. ஒரே இடைவெளியில் எடுத்த நாலைந்து படங்கள் சேர்ந்துதான் பேசும். விரலில் மை போலப் பரவும் கரும்சாம்பல் குழம்பு இயல்பானது, அதன் அளவு சர்வீஸுக்குச் சர்வீஸ் ஏறாமல் இருந்தால் கவலையில்லை. புதிதாகக் கட்டிய எஞ்சினில் முதல் ஆயிரம் கிலோமீட்டரில் இந்தக் குழம்பு தாராளமாக வரும். ரிங்கும் சுவரும் ஒன்றோடொன்று பழகும் காலம் அது. காந்தம் உண்மையிலேயே நிறையச் சுத்தம் செய்யும் ஒரே காலமும் அதுதான். அதனால் எஞ்சினை ஓவர்ஹால் செய்யக் கொடுப்பவர் பழைய பிளக்கோடு காரைத் திரும்ப வாங்க வேண்டாம். குழம்பில் மினுமினுக்கும் மெல்லிய தகடு தெரிந்தால் அடுத்த எண்ணெய் மாற்றத்தைப் பாதியில் செய்யுங்கள். விரலில் குத்தும் ஊசி, ஓரம் உள்ள சில்லு, பல்லின் உடைசல் தெரிந்தால் எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். வெட்ட ரம்பம் வேண்டாம், அதன் தூளே சான்றைக் கெடுத்துவிடும். டின் வெட்டும் உருளைக் கத்தி கிடைக்கும். காந்தத்தில் ஒன்றுமே இல்லாமல், வடித்த எண்ணெயில் மட்டும் பொன்னிறமாகவோ செம்பு நிறமாகவோ மினுக்கம் மிதந்தால் அது பேரிங்கிலிருந்து வந்தது. சுத்தமான காந்தத்தைப் பார்த்து நிம்மதியடையக்கூடாத வேளை அது. வடித்த எண்ணெயும் வெட்டிய ஃபில்டரும் சட்டப்படி திட்டமிடப்பட்ட கழிவு, எஸ்டபிள்யூ 305, எஸ்டபிள்யூ 410 என்ற குறியீடுகளில் வருபவை. வீட்டில் செய்தாலும் அவற்றை உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைக்கும் வொர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள், தோட்டத்துக் கால்வாயில் ஊற்ற வேண்டாம்.

ஹாஃப் கட் எஞ்சின் வாங்குகிறவருக்கு இதே வேலை இன்னும் முக்கியம். ஒரு எஞ்சின் ஜப்பானில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எண்ணெய் எப்போது மாறியது என்பதற்குக் கடைக்காரர் காட்டும் மீட்டர் சான்றாகாது. எஞ்சினை ஏற்றும் முன் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, அடியில் படிந்த சேற்றைக் கைக்காந்தத்தால் வருடிப் பாருங்கள், பிறகு காந்தத்தில் ஒட்டாத மிச்சத்தையும் வெளிச்சத்தில் ஆராயுங்கள். ஏற்றிய பிறகு முதல் ஐந்நூறு கிலோமீட்டரிலும், அடுத்து ஆயிரத்திலும் எண்ணெயை மாற்றி, இரண்டு முறையும் பிளக்கைப் படம் எடுங்கள். இரண்டாவது படத்தில் குழம்பு குறைந்திருந்தால் பழைய அழுக்கு வெளியேறுகிறது, எஞ்சினைத் தைரியமாக ஓட்டலாம். குறையாமல் அதே அளவு நின்றாலோ கூடினாலோ, உள்ளே ஏதோ இப்போதும் தேய்ந்துகொண்டிருக்கிறது. கடைக்காரர் தந்த உத்தரவாதக் காலம் முடிவதற்குள் அந்த இரண்டு படங்களோடு அவரிடம் போங்கள்.